எக்ஸ்ரே ருவானும் மூலிகை சூயுனும்

ஆற்றங்கரை நகரமான வூஹுவில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் அப்போது எல்லாமே ஒரே நீளத் தாழ்வாரத்தில்தான். கிழக்குக் கோடியில் எக்ஸ்ரே அறை, மேற்குக் கோடியில் மூலிகை மருந்து கொடுக்கும் ஜன்னல். அந்தப் பக்கம் ஃபிலிம் கழுவும் திரவத்தின் நெடி, இந்தப் பக்கம் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் அதிமதுரமும் மணக்கும். புதிதாகச் சேர்ந்த நர்ஸான நான் இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பேன்.

எக்ஸ்ரே எடுப்பவர் ருவான் போச்சிங் அண்ணன். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவர். குளிர் தொடங்கினால் போதும், அவருக்கு இழுப்பு வந்துவிடும். மூச்சு விடும் சத்தம் வெளியே பெஞ்சு வரை கேட்கும். மூலிகை நிறுத்துக் கொடுப்பவர் ஜி சூயுன் அக்கா. சரக்குப் படகில் வேலை பார்த்த கணவரை வெள்ளத்தில் பறிகொடுத்தவர். தனி ஆள்தான், ஆனால் வாய் பத்துப் பேருக்குச் சமம்.

குளிர்கால நோயை உச்சி வெயிலிலேயே விரட்டிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆண்டின் கொடும் வெயில் நாட்களில் வெண்கடுகை இஞ்சிச் சாறு விட்டு அரைத்து முதுகில் பற்றுப் போட, விசிறியும் தர்பூசணியுமாக ஊரே வந்து வரிசையில் நிற்கும். ருவான் அண்ணன் மட்டும் வரமாட்டார். எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில் அக்கா எக்ஸ்ரே அறை வாசலுக்கே போய்விட்டார்.

"சட்டையைக் கழட்டுங்க ருவான்."

"எதுக்கு? ஆட்டுக்குப் போடுற தழையை என் முதுகுல அப்புறதுக்கா?"

"தினமும் ஊரையே சட்டையைக் கழட்டச் சொல்றீங்கல்ல? இன்னிக்கு உங்க முறை."

பெஞ்சில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காது சிவக்க அண்ணன் முதுகைக் காட்டினார். பற்று சுரீரென்று பிடித்ததும் "எரியுதே!" என்று அவர் போட்ட கூச்சல் மருத்துவமனை வாசல் வரை கேட்டது. அந்தக் குளிர்காலத்தில் இழுப்பு குறைவாகத்தான் இருந்தது. அண்ணனோ புதுக் கம்பளிச் சட்டைதான் காரணம் என்று சாதித்தார்.

"சட்டைக்கு நன்றி சொல்லிட்டீங்களா ருவான்?" என்று அக்கா பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

ஆனால் அதே குளிர்காலத்தில் அக்காவுக்கு இருமல் தொடங்கியிருந்தது. வறண்ட காற்றுதான் என்று தானே கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். வசந்தத்தில் ஊழியர்கள் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இருட்டறையிலிருந்து ஈரம் சொட்டும் ஃபிலிமோடு வெளியே வந்த அண்ணனின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

"லான், இது யாரோடதுன்னு பேரைப் படி" என்றார் என்னிடம். அவருக்கே தெரியும். வேறு பெயராக இருந்துவிடாதா என்ற ஆசைதான்.

காசநோய். அக்கா அழவில்லை. "இத்தனை வருஷம் ஊருக்கு மருந்து நிறுத்துக் குடுத்தேன். என் நெஞ்சுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியலையே" என்றார்.

அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "என் எக்ஸ்ரே பெட்டிக்கும் நேத்து வரைக்கும் தெரியலையே. இப்பத்தான் தெரிஞ்சுது. சரி பண்ணிக்கலாம்."

அக்காவுக்கு விடுப்புக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குடியிருப்பில் பொதுக்குழாயடிக்கு அக்கா வந்தால், பக்கத்து வீட்டுக்காரர்கள் பாத்திரத்தைத் தள்ளி வைத்தார்கள். மாத்திரைகள் வயிற்றைப் புரட்டின, சோறு இறங்கவில்லை. ஒருநாள் நான் போனபோது, "இந்த மாத்திரையை நிறுத்தப் போறேன் லான். நோய்க்கு முன்னாடி இதுவே என்னைக் கொன்னுடும்" என்றார்.

அதை நான் அண்ணனிடம் சொன்னேன். அன்று மாலையே அவர் தாழ்வாரத்தின் மேற்குக் கோடிக்கு நடந்தார். அங்கே இருந்த மூலிகை வைத்தியர் சூவிடம், "குமட்டல் நிக்கணும், மாத்திரையும் நிக்கக் கூடாது. என்ன குடுக்கலாம்?" என்று கேட்டார். வைத்தியர் நேராக நுரையீரல் டாக்டரைப் பார்க்கப் போனார். இருவரும் தேநீர் ஆறும்வரை பேசினார்கள். மாத்திரை ஒன்றைக்கூட விடக்கூடாது; கூடவே வயிற்றுக்கு இஞ்சியும் ஆரஞ்சுத் தோலும் போட்ட கஷாயம், தினைக் கஞ்சி என்று முடிவானது.

கஷாயம் காய்ச்சும் வேலையை அண்ணனே எடுத்துக்கொண்டார். முதல் நாள் அடிப்பிடித்துவிட்டது.

அக்கா முகர்ந்து பார்த்து, "இது கஷாயமா, ஷூ பாலிஷா?" என்றார்.

"குடிங்க. உள்ளே பளபளன்னு ஆயிடும்."

பல வாரங்களுக்குப் பிறகு அக்கா சிரித்தது அன்றுதான். இலையுதிர் காலம் வந்ததும் அண்ணன் கற்கண்டு போட்டுப் பேரிக்காய் வேகவைத்துக் கொண்டுபோவார். அது நன்றாகவே வரும். குழாயடிக்காரிகள் இப்போது இருவரையும் இணைத்து வேறு மாதிரிப் பேச ஆரம்பித்தார்கள். அண்ணன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சிகிச்சை முடிந்து எடுத்த ஃபிலிமை அண்ணன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நானும் அருகில் இருந்தேன்.

"இந்த வெள்ளைக் கோடு என்ன?" என்று அக்கா கேட்டார்.

"ஆறின தழும்பு. அது இருக்கும். ஒண்ணும் பண்ணாது." ஃபிலிமை மெல்ல உறைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார். "என் வீட்டு ஜன்னல் தெற்குப் பார்த்தது. குளிர்காலம் முழுக்க வெயில் விழும். நீங்க அங்க வந்துட்டா நல்லது."

"வந்தா சமையல் யாரு?"

"நான்தான்."

"அப்ப யோசிக்கணும்" என்றார் அக்கா. யோசித்து முடிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். அக்கா இப்போது தங்கையோடு ஹெஃபெய் நகரத்தில் இருக்கிறார். தொலைபேசியில் அதே வாய். அந்தத் தாழ்வாரத்தை இடித்து மாடிக் கட்டடம் கட்டிவிட்டார்கள்.

எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது அவர்கள் கல்யாண விருந்துதான். மருத்துவமனை முற்றத்தில் பெரிய அண்டாவில் ஆட்டுக்கறி சூப் கொதித்தது. வைத்தியர் சூவும் நுரையீரல் டாக்டரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மிளகு இன்னும் போடலாமா வேண்டாமா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றுப் பக்கமிருந்து கப்பல் ஊதியது. கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நாங்கள் எல்லோரும் அண்டாவைச் சுற்றி நின்றோம், ஆவியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல்.