நூறிலிருந்து ஒன்றுக்கு

நானும் என் கணவரும் ஒரே ஐடிஐயில், ஒரே சிஎன்சி லேத்தில் தொழில் படித்தவர்கள். கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைக் கடைகிற மெஷின் அது. வேலையில் நான் அவரைவிடக் கெட்டி. இதில் எனக்கு அடக்கம் எதுவும் கிடையாது, அவரே ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்ததுதான்.

ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், நேரில் வந்து மெஷினை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று இரண்டு பேர் போனுக்கும் செய்தி வந்தது. படிப்பு முடித்து மூன்று வருடம் தாண்டியவர்களை எடுக்க மாட்டார்கள். எங்களுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. மகளுக்கு அப்போது எட்டு மாதம்.

"பால் குடிக்கிற புள்ளய வுட்டுட்டு நீ எங்கம்மா போவ? அவன் போய்ட்டு வரட்டும்" என்றார் அத்தை, சாமையைப் புடைத்துக்கொண்டே. என் கணவர் தரையைப் பார்த்தார். அத்தை சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கும் அப்போது தெரியவில்லை. ஆனாலும் அழுகை வந்தது. அதைக் கோபமாக்கிப் பாத்திரங்களின் மேல் காட்டினேன்.

பிறகு நானே அவருக்கு வாத்தியார் ஆனேன். எங்கள் மலைக் கிராமத்தில் மெஷினுக்கு எங்கே போவது? வீட்டுச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் மெஷினின் பட்டன்களையெல்லாம் வரைந்தேன். கையால் திருகும் சக்கரத்துக்கு ஒரு தூக்குச் சட்டி மூடி. அதற்கு மேலே நூறு, பத்து, ஒன்று என்று சுவிட்ச். நூறில் வைத்துத் திருகினால் இரும்பைக் கடைகிற டூல் வேகமாக ஓடும். இரும்புக்குக் கிட்டே வந்ததும் ஒன்றுக்கு மாற்றிவிட வேண்டும், அப்போதுதான் மயிரிழை மயிரிழையாக நகரும். மாற்ற மறந்தால் டூலின் முனை இரும்பில் மோதி உடைந்துவிடும்.

மறப்பதற்கென்றே பிறந்தவர் அவர். பந்தியில் இலை போடும் முன்பே உட்கார்ந்துவிடுகிற அவசரம்.

டூல் இரும்பைத் தொடும் இடத்தை ஒரு துண்டுக் காகிதம் வைத்துத்தான் பார்ப்போம். காகிதம் இழுபட வேண்டும், கிழியக் கூடாது. அதையும் வீட்டிலேயே பழக்கினேன். பலகைமேல் காகிதத்தை வைத்து, சில்வர் டம்ளரை நான் மெல்ல இறக்குவேன். அவர் காகிதத்தை இழுத்துப் பார்ப்பார்.

"இப்ப?"

"லூசா இருக்குது."

"இப்ப?"

"புடிக்குது, புடிக்குது."

"சுவிட்சு எதுல இருக்குது?"

திருதிருவென்று முழிப்பார். "நூறுல."

"போச்சி. முனை உடைஞ்சிபோச்சி. முதல்லேருந்து வா."

மடியில் இருக்கும் மகள் அந்தக் காகிதத்தைப் பிடுங்கி வாயில் வைப்பாள். மூன்று பேரும் சிரிப்போம். ஒருநாள் அப்படிச் சிரித்து முடித்ததும் அவர் சொன்னார், "நீ வந்தா ஒரே நிமிசத்துல முடிச்சிடுவ." அடுத்த வார்த்தை 'வா' என்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தேன்.

ஓசூருக்குப் போனவர் மறுநாள் சாயங்காலம் வந்தார், மலையடிவாரத்து ஒடுகத்தூரில் வாங்கிய மிக்சர் பொட்டலத்தோடு. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அத்தை வெளியே போனதும் சொன்னார்.

"நூறுலயே வுட்டுட்டேன். டக்குனு சத்தம். முனை போய்ட்ச்சி."

திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அந்த சாரு திட்டல. கிட்ட வந்ததும் மாத்தணும்னு தெரியாதாப்பான்னு கேட்டாரு. தெரியும் சார், எங்க வூட்ல சொல்லிக் குடுத்தா, அவளும் இதான் படிச்சிருக்கான்னேன். அவங்க ஏன் வரலன்னாரு. கைக்கொழந்த சார், பால் குடிக்குது, வுட்டுட்டு வர முடியாதுன்னேன்." மிக்சர் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, "சரியாத்தான சொன்னேன்?" என்று கேட்டார்.

சரிதான் என்றேன். இப்போது அவர் கர்நாடகாவில் காபித் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போயிருக்கிறார். போனில் பேசும்போது இருவருமே அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

அவரிடம் இன்றுவரை சொல்லாதது ஒன்று உண்டு. அவர் மெஷின் முன்னால் நின்ற அன்று மகள் பாலே கேட்கவில்லை. அத்தை ஊட்டிய சாமைக் கஞ்சியைக் குடித்துவிட்டுத் தூங்கினாள். எழுந்து மறுபடியும் கஞ்சியே குடித்தாள். நான் அள்ளி மாரோடு வைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டியிடம் தாவினாள். எனக்குத்தான் பால் கட்டி, தொட முடியாதபடி வலித்தது. பொழுது சாயும் நேரத்தில் கொல்லைப் பக்கம் போய், முருங்கை மரத்தடியில் எல்லாவற்றையும் பீய்ச்சி விட்டுவிட்டு வந்தேன்.