கம்பளியில் போன எஞ்சின்

எஞ்சினைத் திருடினோம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அது அப்பாவின் எஞ்சின். பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா பங்களா டிரைவராக இருந்தார். தோட்ட நிர்வாகி வேலையை விட்டுப் போன பழைய துரை, ஷெட்டில் ஓடாமல் கிடந்த தன் சொந்தக் காரை, "நீயே வச்சுக்கோ" என்று அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கூரை இல்லாத, இரண்டே சீட் உள்ள, அந்தக் காலத்துப் பந்தயக் கார். அதை நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைவீட்டு வாசலுக்குத் தள்ளி வந்து, ஞாயிறு தவறாமல் அப்பா எஞ்சினோடு மல்லுக்கட்டினார். ஓடியதும் முதல் சவாரி எனக்குத்தான் என்று வாக்கும் கொடுத்திருந்தார்.

அது உறுமத் தொடங்கிய பிறகுதான் புதிய துரைக்கு மூக்கில் வேர்த்தது. தோட்டத்தில் கிடப்பதெல்லாம் தோட்டத்துச் சொத்தாம். திங்கட்கிழமை லொறி வந்து காரை இழுத்துப் போகும் என்று ஆள் அனுப்பினார். அதுவரை அது கேட்டைத் தாண்டக் கூடாது என்று காவல்காரருக்கும் உத்தரவு. கொழும்பில் ஒருவருக்கு விற்கப் பேசி முடித்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்பா நொந்துபோய் உட்கார்ந்துவிட்டார். அம்மா அப்படி உட்காருகிற ஆள் இல்லை.

"காரத்தானே கேட்டாரு? கொண்டு போகட்டும். எஞ்சின யாரு கேட்டா?"

ஞாயிறு காலை மூன்று மரக்கம்புகளை முக்காலியாகக் கட்டி, பதுளையில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் இரவல் வாங்கிய, பாரம் தூக்கும் செயின் புளொக்கைத் தொங்கவிட்டார்கள். குழாய், வயர் என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சங்கிலியை இழுக்க இழுக்க, எஞ்சின் ஆடி ஆடி மேலே வந்தது. பாரம் போன காரின் முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

கேட்டைத் தாண்டுவதுதான் சிக்கல். அதற்கும் அம்மாவிடம் வழி இருந்தது. எங்கள் தோட்டத்தில் நோயாளியைக் கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டி, தோளில் சுமந்துதான் ரோட்டுக்குக் கொண்டு போவார்கள். அப்படிப் போகிறவர்களை யாரும் மறிப்பதில்லை. எஞ்சினைக் கம்பளியில் சுற்றி, மேலே போர்வையும் போர்த்தி, அப்பாவும் சித்தப்பாவும் லயத்து ஆட்களும் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தார்கள். பின்னால் அம்மா ஒப்பாரிக்குக் கொஞ்சம் குறைவாக அழுதார். என்னையும் அழச் சொன்னார்.

காவல்காரர் தொப்பியைக் கழற்றினார். "யாருக்கு என்ன பாப்பா?"

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மொனராகலையில் கல்லுக்குண்டு மாதிரி இருந்த அத்தையை இழுத்துவிட்டேன். "அத்தைக்கு வயித்து வலி மாமா!"

கம்பளியிலிருந்து கறுப்பு எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பூட்ஸ் காலால் மண்ணைத் தள்ளி மூடினார். "பாத்துப் போங்க. அத்த ரொம்பக் கனம் போல" என்று கேட்டைத் திறந்துவிட்டார். என் நடிப்பு எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் லொறி வெறும் கூட்டைப் பங்களா ஷெட்டுக்கு இழுத்துப் போனது. கொழும்புக்காரர் வந்து பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, துரையை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனாராம். அப்பா மேல் சந்தேகப்பட்ட துரை, எஞ்சின் எப்படிப் போனது என்று காவல்காரரைப் பிடித்து உலுக்கினார். "நோயாளி ஒண்ணுதான் போச்சுங்க" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அப்பாவுக்கு எதிராகச் சாட்சி கிடைக்கவில்லை; காவல்காரரின் வேலைதான் போனது. மாதக்கணக்கில் ஷெட்டை அடைத்துக் கிடந்த கூட்டைப் பார்த்துச் சலித்த துரை, கடைசியில் அப்பாவையே கூப்பிட்டு, "இந்தக் குப்பையக் கொண்டுபோய்த் தொல" என்றார்.

அப்பா அதற்குத்தான் காத்திருந்தார். கூட்டைப் பதுளைக்கு இழுத்துப் போய், நானாவின் கராஜில் ஒளிந்திருந்த எஞ்சினை மறுபடி இறக்கினார். போல்ட் துளைகள் நேருக்கு நேர் வராமல் நாள் முழுக்கப் படுத்தியதாம். சித்தப்பா அடியில் படுத்து, ஜாக்கியால் நெம்பி நெம்பித்தான் சேர்த்தாராம்.

கார் வருகிறது என்றதும் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். ஹார்ன் அடித்துக்கொண்டு வந்த கார் என்னைத் தாண்டிப் போய், பழைய காவல்காரரின் லயத்து வாசலில் நின்றது. அப்பா இறங்கி மறுபக்கக் கதவைத் திறந்தார். "ஏறுங்கண்ணே."

அவர் மாட்டேன் என்று எவ்வளவோ சொன்னார். அப்பா விடவில்லை. இருவரும் பங்களா வாசல் வழியாகவே போனார்கள், கையை ஹார்னிலிருந்து எடுக்காமல். லயமே விசிலடித்தது.

"அது ஏஞ் சீட்டு! அந்த மாமா என்ன செஞ்சாரு?" என்று அம்மாவிடம் கத்தி அழுதேன். அம்மா கார் போன பக்கம் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். காரைத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.