முத்திரையின் மேல் வைத்த பொட்டு

வேலணையில் பஸ் நிற்கும் சந்தியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. வாழைப்பழம், சோடா, வெற்றிலை எல்லாம் வைத்திருந்தேன். ஆனால் ஆட்கள் வந்தது சுருட்டுக்குத்தான். சுருட்டு வாங்க வந்தவர் சோடாவும் குடிப்பார். சோடாவுக்காக மட்டும் வந்த ஒருவரை எனக்கு நினைவில்லை.

புகையிலைச் சாமான் விற்க, ஊர்ச் சபை அலுவலகமான கந்தோரில் வருடாவருடம் லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஒரு தாள், அதன் கீழ்மூலையில் ஊதா நிறத்தில் வட்ட முத்திரை. எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சைக்கிளோ சாதகமோ, புதிதாக எது வந்தாலும் முதலில் அம்மன் காலடியில் வைத்து எடுக்க வேண்டும். நானும் அந்த வருடத்து லைசென்ஸைக் கோவிலுக்குக் கொண்டுபோனேன். ஐயர் பூசை முடித்து, சந்தனம் குழைத்து ஒரு பொட்டு வைத்துத் தந்தார். எங்கே வைப்பதென்று பார்த்திருப்பார். தாளில் வட்டமாக இருந்த ஒரே இடம் அந்த முத்திரைதான். நான் பக்தியோடு கொண்டுவந்து கடைச் சுவரில் கொழுவினேன்.

இரண்டு கிழமையில் சபையின் வருமானப் பரிசோதகர் வந்தார். எங்கள் ஊரவர். பின்னேரங்களில் என் கடையில்தான் சுருட்டுப் பற்றவைப்பார். அன்று கடமைக்கு வந்திருந்தார்.

"என்ன காணும், முத்திரையைக் காணேல்லை?"

"பொட்டுக்குக் கீழை இருக்கு அண்ணை."

நகத்தால் சுரண்டினார். சந்தனத்தோடு ஊதா மையும் உரிந்து வந்தது.

"இப்ப பொட்டும் இல்லை, முத்திரையும் இல்லை."

"அம்மாளாச்சி சாட்சி அண்ணை."

"அவ வந்து கையெழுத்து வைப்பாவே? திரும்பக் குத்துவிச்சுக்கொண்டு வாரும். அதுவரைக்கும் விக்கேலாது."

சுருட்டுகள் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு, கயிறு கட்டி, முடிச்சில் அரக்கும் உருக்கி வைத்தார். தனக்கென்று ஒன்றுகூட எடுக்காமல் போனார். அந்த நேர்மைதான் எனக்குப் பயமாக இருந்தது.

கந்தோருக்கு ஓடினேன். "முத்திரை அலுமாரிக்குள்ளை பூட்டியிருக்கு. திறப்பு செயலாளரிட்டை. செயலாளர் யாழ்ப்பாணத்திலை," என்றார் கிளாக்கர். எங்கள் தீவையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் பண்ணைப் பாலத்தடியில் ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை. பஸ் வரவில்லை, செயலாளரும் வரவில்லை. அடுத்த கிழமையும் போனேன். அதற்கடுத்த கிழமை, என்னைக் கண்டதும் கிளாக்கர் கையை மட்டும் விரித்தார்.

கடைக்கு வந்தவர்கள், "ஒண்டு தாருமன், ஆர் பாக்கினம்?" என்றார்கள். நான் அரக்கைக் காட்டினேன். ஒவ்வொருவராக அடுத்த சந்திக்குப் போகத் தொடங்கினார்கள். பழம் கறுத்தது. மனைவி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, பழத்துக்கும் ஒரு பொட்டு வைச்சுப் பாருங்கோவன்."

ஒரு காலை, தீவுக்குள் ஆமி இறங்கிவிட்டது என்று ஊரே ஓடியது. மனைவி அரிசியும் உடுப்பும் எடுத்தாள். நான் கடைக்கு ஓடி, சுவரில் இருந்த லைசென்ஸைக் கழற்றி எடுத்தேன். பெட்டியை எடுக்கவில்லை. அரக்கு உடைந்தால் பிறகு பிரச்சினை என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வள்ளம் ஏறி அராலிக் கரையில் இறங்கி, யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம்.

மூன்றாம் நாள், அதே வகுப்பறையின் மற்ற மூலையில் பரிசோதகரைக் கண்டேன். மடியில் ஒரு பை. ஓடிவரும்போது கந்தோர் அலுமாரியை உடைத்து முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"தாளைக் கொண்டுவந்தனீரோ?"

"ஓம் அண்ணை. வேறை ஒண்டும் கொண்டுவரேல்லை."

மனைவி முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள்.

மைப்பெட்டி காய்ந்திருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, தாளை வாங்குப் பலகையில் விரித்து, எழும்பி நின்று அழுத்திக் குத்தினார். வட்டம் முழுதாக விழுந்தது.

"சரி. இனி நீர் விக்கலாம்."

"எங்கை அண்ணை?"

அவர் தாளில் கடை விலாசம் எழுதியிருந்த இடத்தைப் பார்த்தார். வேலணைச் சந்தி. பிறகு மெல்லக் கேட்டார்.

"ஒரு சுருட்டு இருக்கோ?"

"இருக்கு அண்ணை. நீங்கள் அரக்கு வைச்ச பெட்டிக்குள்ளை."

மை ஈரமாக இருந்தது. காயும்வரை ஆளுக்கொரு பக்கமாக அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.