தாய்மாமன் இறங்கிய ஜீப்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதக் காலை. கூடலூரிலிருந்து தேனிக்கு ஓர் அரசுத் தேர்வு எழுதக் கிளம்பினேன். வயது வரம்பின்படி எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. ஒன்பது மணிக்குத் தேர்வு மையத்தின் கேட்டை மூடிவிட்டால் அப்புறம் யார் வந்தாலும் திறக்க மாட்டார்கள். பஸ்ஸில் போய்விடுகிறேன் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். என் கணவர் கேட்டால்தானே!

அவருக்கு அவருடைய அப்பா விட்டுப்போன பழைய கார்தான் உயிர். என்னைவிட வயதில் மூத்த கார். அதன் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்று ஒரு சின்னச் சாமான் உண்டு. பிளக்கில் பொறி வருவதே அதன் தயவில்தான். அது அடிக்கடி தேய்ந்து கரி பிடிக்கும். இவர் மூடியைக் கழற்றி வைத்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தத் தொல்லையே வேண்டாம் என்று, பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வாங்கி அவரே மாட்டியிருந்தார். சாவியைத் திருகியதும் வண்டி பிடித்துக்கொண்டது.

"இனிமே நடுரோட்டுல நிக்கிற பேச்சே இல்ல பிள்ள. பரீட்சைக்கு இதுலதான் போறோம்" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி அத்தனை சந்தோஷம் முகத்தில். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்க்கையன்கோட்டை விலக்கு வரை ஒரு குறையும் இல்லாமல் வந்தோம். அங்கே ரோட்டோரப் பிள்ளையாரைப் பார்த்ததும் நிறுத்தினார். புதுச் சாமான் மாட்டிய வண்டி, அதில் பரீட்சைக்குப் போகிற மனைவி. இரண்டுக்கும் சேர்த்து ஒரு சிதறுகாய் விடாமல் எப்படிப் போவதாம்?

"வேணாங்க, நேரமாகுது" என்றேன். "அஞ்சே நிமிசம்" என்று இறங்கிப் போனார். முகூர்த்த நாள் வேறு. கோயில் வாசலில் புது வண்டிகள் பூஜைக்கு வரிசையாக நின்றன. நான் காரிலேயே இருந்து புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. டேஷ்போர்டில் சின்ன ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்ன அஞ்சு நிமிசம் வளர்ந்துகொண்டே போனது.

நெற்றி நிறைய விபூதியோடு வந்து சாவியைத் திருகினார். கர்... கர்... என்று சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்து, பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைத் தொட்டவர் சுரீரென்று கையை இழுத்துக்கொண்டார். முகம் செத்துப்போனது. எனக்குப் புழுங்குமே என்று, ஃபேன் ஓடுவதற்காகச் சாவியை ஆனிலேயே விட்டுப் போயிருக்கிறார். பாயிண்ட் இருந்த காலத்தில் எப்போதும் அப்படித்தான் விடுவார், ஒன்றும் ஆனதில்லை. இன்ஜின் ஓடாமல் சாவியைப் போட்டு வைத்தால் இந்தப் புதுச் சாமான் சூடேறிக் கருகிவிடும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கழற்றிய பழைய பாயிண்டோ வீட்டு அலமாரியில் கிடந்தது.

"நல்லாக் காத்து வாங்குனேன், போங்க!" என்று கத்திவிட்டு ரோட்டுக்கு ஓடினேன்.

வீரபாண்டித் திருவிழா நேரம். படிக்கட்டு வரை ஆட்களைத் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்கள் நிற்காமல் பறந்தன. ஆட்டோ ஒன்றையும் காணோம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு ஜீப்பைக் கிட்டத்தட்ட மறித்தே நிறுத்தினேன். உள்ளே சீர்த்தட்டும் பழமுமாக ஒரு குடும்பம். வீரபாண்டியில் குழந்தைக்கு மொட்டையெடுத்துக் காது குத்தப் போகிறார்கள்.

"இடமில்லக்கா. வழி நெடுக போலீசு நிக்கிறாக. ஒரு ஆளு கூடுனாலும் எல்லாரையும் எறக்கி விட்டுருவாக" என்றார் டிரைவர்.

முன் சீட்டில் புது வேட்டியும் சந்தனமுமாக இருந்தவர், "எங்கன போகணும் தாயி?" என்று கேட்டார். நான் குழறிக் குழறிச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கீழே இறங்கிவிட்டார்.

பின்னால் குழந்தையை வைத்திருந்த அவருடைய அக்கா பதறிப்போனார். "ஏலே, தாய்மாமன் நீயே எறங்குனா எம்பிள்ளைய யாரு மடியில வச்சுக் காது குத்துறது?"

"அதுக்குத்தான் எறங்குறேன். வேற யாரு எறங்குனாலும் விட்டுட்டு நடத்திருவீக. நான் வராம ஒண்ணும் நடக்காதுல்ல? பரீட்ச இவுகளுக்காக நிக்காதுக்கா."

அவர் இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். ஜீப் நகர்ந்தபோது அவர் என் கணவரின் தோளில் கை போட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

வழியெல்லாம் அந்த அக்கா தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தார். அதில் பாதி எனக்குத்தான் என்று புரியாமலில்லை. "நல்ல நேரம் போயிரும். ஆசாரி எந்திரிச்சுப் போயிருவாரு. என்னைக்கும் இவனுக்கு இதே சோலி." முன்னால் போன டிராக்டரை எல்லாம் மனசுக்குள் வைதேன். வீரபாண்டியில் எல்லோரும் இறங்கினார்கள். அதே அக்கா தட்டிலிருந்து வாழைப்பழத்தைப் பிய்த்து என் கையில் திணித்து, "வெறும் வயித்தோட எழுதாத. போ" என்றார். டிரைவர் என்னைத் தேனிக்குக் கொண்டுபோய் விட்டார். கேட்டின் ஒரு கதவைச் சாத்திவிட்டு மறு கதவில் கை வைத்திருந்தார்கள். நுழைந்துவிட்டேன்.

தேர்வு முடிந்ததும் நேராக வீரபாண்டிக்குப் போனேன். அந்தக் கூட்டத்தில் அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு மரத்தடியில் அப்போதுதான் காது குத்தி முடித்திருந்தார்கள். மாமன் மடியில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. எந்தப் பஸ்ஸும் நிற்காததால், திராட்சை ஏற்றிய வேனில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாராம். குறித்த நல்ல நேரம் எப்போதோ போய்விட்டது. புது வேட்டியெல்லாம் திராட்சைக் கறை. நான் கும்பிட்டேன். அவர், "நல்லா எழுதுனியா தாயி?" என்று மட்டும் கேட்டார்.

வேலை கிடைத்தது. கார் இப்போதும் எலக்ட்ரானிக்கில்தான் ஓடுகிறது. ஃபேனுக்கு மட்டும் கணவர் பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்துவிட்டார். அலுவலகத்தில் என் கையெழுத்துக்காக ஆட்கள் நிற்கும்போதெல்லாம் அந்த மனிதரின் ஞாபகம் வருகிறது. 'நான் வராமல் ஒன்றும் நடக்காது' என்று சொல்லி முன் சீட்டில் சாய்ந்து உட்காருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதையே சொல்லி இறங்கி வெயிலில் நின்ற ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.