மூன்றாம் வகுப்பின் நத்தைகள்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் 'அப்புறம் டீச்சர்' என்று பெயர். எதைக் கேட்டாலும் "அப்புறம் பாக்கலாம்" என்பார். பிள்ளைகள் வைத்த பெயர், மெல்ல ஆசிரியர் அறைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்ளவும் தெம்பு வேண்டுமே என்று விட்டுவிட்டார்.

இருபத்து நான்கு வருஷமாக அதே வேலை. வீட்டில் மாமனார் மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை. காலையில் அவரைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றி, நாலு வாய் ஊட்டிவிட்டுத்தான் டீச்சர் பேருந்தைப் பிடிப்பார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் கணவர் இரவு வேலைக்குப் போகிறவர் என்பதால் பகலில் அவர் பார்த்துக்கொள்வார். மாலையில் மறுபடி டீச்சர். இந்த இரண்டுக்கும் நடுவில் நாற்பத்தொரு பிள்ளைகள்.

அப்படிப்பட்டவரிடம்தான் தலைமையாசிரியையின் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. மாத முடிவுக்குள் ஒவ்வொரு வகுப்பும் ஏதாவது ஒரு பிராணியை வளர்க்க வேண்டுமாம். பிள்ளைகளுக்குப் பொறுப்பு வருமாம். டீச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளை மடித்து வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் வகுப்பில் ஒரு தங்கமீன் இருந்தது. முதல் மாதமே ஒரு திங்கட்கிழமை காலை வயிறு மேலாக மிதந்தது. பிள்ளைகள் வருவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. டீச்சர் ஓடிப்போய் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கி வந்து போட்டார். யாருக்கும் தெரியவில்லை. அந்த வருஷம் மட்டும் நான்கு முறை அப்படிச் செய்தார். துப்புரவு வேலை பார்க்கும் ஆயாவுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். ஐந்தாவது மீனுக்கு வாலில் ஒரு வெள்ளைப் புள்ளி. இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து தொட்டியை உற்றுப் பார்த்தாள்.

"டீச்சர், இது அது இல்ல."

"அதேதான்மா. வளந்திருக்கு."

அவள் டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள், போய் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். அந்தப் பார்வை மட்டும் போகவில்லை.

இந்த முறை பிள்ளைகளையே கேட்டுவிடலாம் என்று டீச்சர் நினைத்தார். கேட்டது வம்பாகப் போயிற்று. குதிரை என்றார்கள், குரங்கு என்றார்கள், ஜன்னலோரப் பெஞ்சு முழுக்கச் சிங்கம் என்றது. சத்தம் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. கடைசியில் கை தூக்கச் சொன்னதில் முயல் ஜெயித்தது. மூச்சிரைப்புக்காகப் பையில் எப்போதும் இன்ஹேலர் வைத்திருக்கும் பெண்ணும் முயலுக்குத்தான் கை தூக்கினாள்.

மறுநாளே அவள் அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், முடி உள்ள எதுவும் வேண்டாம். போன வருஷம் பக்கத்து வீட்டுப் பூனையால ரெண்டு தடவ ஆஸ்பத்திரியில சேத்தோம். அவ சொல்லமாட்டா. எல்லாரும் தூக்கினா இவளும் தூக்கிடுவா."

"சரிம்மா. முயல் இல்ல."

சொல்லிவிட்டாரே தவிர, முயல் இல்லையென்றால் வேறு எது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அன்று மாலை ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, கால்நடை மருத்துவமனைக்குப் போனார். டாக்டர் ஒரு நாயின் காதைக் கழுவிக்கொண்டிருந்தார். நாயும் அவரும் ஒரே மாதிரி சலித்துப்போய் இருந்தார்கள்.

"கிளாஸுக்கு எந்தப் பிராணி தோதா இருக்கும் டாக்டர்?"

"எது தோதுன்னு அப்பறம் சொல்றேன். வெள்ளிக்கிழம சாயங்காலத்துலேர்ந்து திங்கட்கிழம காலை வரைக்கும் யார் பாத்துக்குவாங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

டீச்சர் கைப்பையின் வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நீங்கதானா?"

"நான்தான்."

டாக்டர் பஞ்சை எறிந்துவிட்டுக் கையைத் துடைத்தார். கிளியைக் கூண்டில் அடைப்பது பாவம், ஆமை உங்களையும் என்னையும் தாண்டி உயிரோடு இருக்கும், வெள்ளெலி பகலெல்லாம் தூங்கும், பிள்ளைகள் விரலால் குத்திக் குத்தி எழுப்பினால் கடித்துவிடும் என்றார். "நாப்பது பேர் கத்தற ரூம் அது. சத்தம் போட்டா மெரளாத ஜந்துவா இருக்கணும். ரெண்டு நாள் தனியா விட்டாலும் தாங்கணும். உங்களுக்கும் தோதா பாருங்க டீச்சர். நீங்களும் அந்தக் கிளாஸ்லதான இருக்கீங்க."

அந்தக் கடைசிப் பேச்சை டீச்சர் எதிர்பார்க்கவில்லை. தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரின் போர்வைகளைத் துவைக்கக் கொல்லைப்புறம் போனபோது, ஈரமான தொட்டிச் சுவரில் ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்தது. டீச்சர் குனிந்து பார்த்தார். பிறகு கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்தே பார்த்தார். அது கொம்பை நீட்டி, சற்று யோசித்து, ஒரு விரற்கடை நகர்ந்து, மறுபடி யோசித்தது. கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, ஒக்காந்துட்ட?"

"நத்தை போகுது. பாத்துட்டிருக்கேன்."

அவர் போர்வைகளை எடுத்துத் தானே அலசத் தொடங்கினார். டீச்சர் அப்படிச் சும்மா உட்கார்ந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

வகுப்பில் நத்தை வளர்க்கலாமா என்று டாக்டரிடம் தொலைபேசியில் கேட்டார். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், யாரும் வாயருகே கொண்டுபோகக் கூடாது, மற்றபடி வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். துளை போட்ட மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, ஈர மண், கொஞ்சம் கீரை, பொடித்த முட்டை ஓடு, மூன்று நத்தைகள். செவ்வாய்க்கிழமை வகுப்பு மேசைமேல் வைத்தார்.

பிள்ளைகளின் முகம் தொங்கிப்போயிற்று.

"டீச்சர், இது எப்ப ஓடும்?"

"ஓடாது."

"கத்துமா?"

"கத்தாது."

"அப்ப என்னதான் பண்ணும்?"

"பாருங்க. பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க."

தலைமையாசிரியைக்கும் சப்பென்று ஆகிவிட்டது. "பெத்தவங்க வந்தா இதையா காட்டறது? நாலாம் வகுப்புல முயல் எவ்வளவு லட்சணமா இருக்கு." டீச்சர் வாதாடவில்லை. "என் வகுப்புக்கு இதுதான் சரிப்படும் மேடம்" என்று மட்டும் சொன்னார். நாலாம் வகுப்பு முயல்கள் அடுத்த மாதமே தகரக்கூரையின் சூடு தாங்காமல் ஒரு பிள்ளையின் மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

பிள்ளைகள் முதலில் அலட்சியமாகப் பார்த்தார்கள், பிறகு விடாமல் பார்த்தார்கள். கீரையில் விழும் ஓட்டைகளை எண்ணினார்கள். ஒன்றுக்கு 'மெத்து' என்றும் ஒன்றுக்கு 'இன்ஜினியர்' என்றும் பெயர் வைத்தார்கள். மூன்றாவது எந்நேரமும் ஓட்டுக்குள் கிடந்ததால் 'லீவு'. இன்ஹேலர் பெண்தான் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். தும்மலில்லை, இரைப்பில்லை.

ஒரு திங்கட்கிழமை மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தது. இன்ஜினியர் வருகைப் பதிவேட்டின் மேல் ஒட்டியிருந்தது. மூன்று பிள்ளைகளின் பெயர்களைத் தின்று, நான்காவதின் பாதியில் நின்றிருந்தது. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். அலுவலகக் குமாஸ்தா எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். டீச்சர் 'நத்தை தின்றுவிட்டது' என்று எழுதிக் கொடுத்தார்.

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். "எலி தின்னுச்சு, கரையான் அரிச்சுதுன்னு பாத்திருக்கேன். என் சர்வீஸ்ல நத்தை இதுதான் மொதல் தடவ டீச்சர்." புதுப் பதிவேடு கொடுத்தார். நாற்பத்தொரு பெயரையும் மறுபடி எழுத ஒரு சாப்பாட்டு இடைவேளை முழுதும் போயிற்று. அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் டப்பாவை டீச்சரே பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் மாமனாருக்குக் காய்ச்சல். டீச்சருக்குக் கண்கள் எரிந்தன. வகுப்பைத் திறந்ததும் டப்பாவிலிருந்து வாடை வந்தது. மெத்துவை எடுத்துப் பார்த்தார். ஓட்டுக்குள் அசைவில்லை. பெருக்கிக்கொண்டிருந்த ஆயா கிட்டே வந்து பார்த்தாள்.

"போயிடுச்சா? விடுங்க டீச்சர். குழாயடியில இதே மாதிரி நூறு கெடக்கு. ஒண்ண எடுத்துட்டு வந்து போட்டுடறேன். வாலும் கெடையாது, புள்ளியும் கெடையாது. யாருக்குத் தெரியப் போகுது?"

ஆயா சொன்னது நிஜம்தான். இரண்டு நிமிஷ வேலை. பிள்ளைகள் அழமாட்டார்கள், கேள்வி கேட்கமாட்டார்கள், பாடம் கெடாது. டீச்சர் அந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு பொய் சொன்னால், வருஷக் கடைசிவரை அதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். தூக்கிச் சுமப்பதற்கு அவரிடம் ஏற்கெனவே நிறைய இருந்தது.

"வேண்டாம் ஆயா. என்னால முடியாது" என்றார்.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார். "மெத்து செத்துப் போச்சு. காலைல பாத்தேன்."

நாற்பத்தொரு பேர் அவ்வளவு நேரம் வாய் மூடி இருந்து அவர் பார்த்ததில்லை.

"எதனால டீச்சர்?" என்றாள் இன்ஹேலர் பெண். "நான் தண்ணி கூடத் தெளிச்சிட்டேனா?"

"இல்லம்மா. நீ சரியாத்தான் தெளிச்ச. ஏன்னு எனக்குத் தெரியல. டாக்டர்ட்ட கேக்கறேன். அவருக்கும் தெரியாம இருக்கலாம்."

"டீச்சருக்கே தெரியாதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"தெரியாது."

ஒரு சிலர் அழுதார்கள். அழாதவர்கள் அழுகிறவர்களைப் பார்த்தார்கள். முன் பெஞ்சில் ஒருத்தி, "டீச்சர், நீங்க அழறீங்களா?" என்று கேட்டாள்.

"தூக்கம் போதலம்மா" என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் கண்ணில் வந்ததை அவர் துடைக்கவில்லை.

இடைவேளையில் சுவரோரம் குழி தோண்டிப் புதைத்தார்கள். யாரும் சொல்லித்தராமலே வரிசையில் போய்க் கை கழுவினார்கள். திரும்பி வந்து வகுத்தல் கணக்குப் போட்டார்கள். பாதிப் பேருக்கு மீதி தவறாக வந்தது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே திருத்தினார். வழக்கமாக அவர் உட்காருவதில்லை. அன்று யாரும் அதைச் சாக்காக வைத்து ஆட்டம் போடவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை மணி அடித்ததும், டப்பாவை எடுத்துப் பையில் வைக்கக் கை நீட்டினார். இன்ஹேலர் பெண் அதற்குள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் அவள் அம்மா.

"இந்த வாரம் எங்க வீட்டுல இருக்கட்டும் டீச்சர். அடுத்த வாரம் யாரு, அதுக்கடுத்து யாருன்னு இவங்களே எழுதி வச்சிருக்காங்க. உங்க பேர் அதுல இல்ல."

டீச்சர் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு நடந்தார். பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டாவது நிறுத்தத்துக்குள் தூங்கிப்போனார். இறங்க வேண்டிய இடம் வந்ததும் நடத்துனர்தான் தோளைத் தட்டி எழுப்பினார்.