முதலைவேலிக்கு வந்த விருது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று மனைவி சொல்லுவாள். அவள் சொன்னதில் பிழையில்லை.

நான் பறங்கித் தச்சன், போர்த்துக்கேயர் வழிவந்தவன். கடற்கரையில் எங்கள் ஆட்கள் நெருங்கியிருந்த இடத்தில்தான் வீடு. சுனாமி அதை ஒரே காலையில் துடைத்துவிட்டது. தேவாலயத்துப் பூசைக்குப் போயிருந்ததால் நாங்கள் இருவரும் தப்பினோம். கூரையில் கிடந்த ஆறு பாலைமர உத்திரங்கள் மட்டும் மிஞ்சின. இன்னொரு வீடு கட்டினால் இவைதான் கூரையேற வேண்டும் என்று போன இடமெல்லாம் அவற்றை இழுத்துக்கொண்டு திரிந்தேன்.

உள்நாட்டுச் சண்டை ஓய்ந்ததும், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மீள்குடியேறியவர்களுக்கு வீடு கட்டும் வேலை கிடைத்தது. வேலை முடிந்தும் நாங்கள் அந்த ஊரிலேயே தங்கிவிட்டோம். சனம் நல்ல சனம். ஆனாலும் கதவு நிலை இறுகினால் மட்டும்தான் என் நினைவு வரும்.

சண்டைக் காலத்தில் பயத்தில் யாரும் வாவியில் இறங்கவில்லை. அந்த இடைவெளியில் முதலைகள் பெருகிவிட்டன. ஒருநாள் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒரு முதலை பிடித்தது. உயிர் தப்பியது, இடது கை முழங்கையோடு போயிற்று. புருஷன் இல்லாதவள், ஒரு மகளை வைத்திருந்தாள். ஆம்பிளைகள் முதலைகளைக் கொல்லக் கோழிக்குள் நஞ்சு வைத்துக் கட்டத் தொடங்கினார்கள்.

"ஒண்டக் கொன்டா மற்றது வராதா? வேலி போடுங்க. அது அங்கால கிடக்கட்டும், நாம இங்கால குளிப்பம்" என்று கத்தினேன்.

"வேலிக்கு மரம் ஆர் தாற?" என்றார் ஒருவர்.

வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அடுத்த நாள் ஆறு உத்திரங்களையும் வாவிச் சேற்றில் நட்டேன். இடையில் காட்டுக்கம்புகளை நெருக்கி, கம்பியால் வரிந்து கட்டினேன். மனைவி கரையில் நின்று, "வீட்டையா தண்ணிக்குள்ள இறக்கிறீங்க?" என்று கேட்டாள்.

கோழி வைக்கும் கதை அதோடு நின்றது. பக்கத்துத் துறைகளிலும் அதேமாதிரி வேலி போட்டார்கள். ஒரு முதலையும் சாகவில்லை, ஒரு ஆளும் கடிபடவில்லை. முதலை கணக்கெடுக்க வந்த வெளிநாட்டுக்காரி ஒருத்தி எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு போனாள். அவள் ஒரு மிருகக்காட்சிச்சாலையில் வேலை செய்கிறவள். மிருகங்களைக் கொல்லாமல் அவற்றோடு வாழும் ஊர்களுக்கு அந்த மிருகக்காட்சிச்சாலை விருது கொடுக்கும். அடுத்த வருஷம் எங்கள் ஊருக்குக் கடிதம் வந்தது. மேடையில் விருது வாங்க மூன்று பேர் வேண்டும், ஊரில் யாரையும் ஒதுக்கிவிடக் கூடாது என்று எழுதியிருந்தார்கள்.

யாரையும் ஒதுக்காமலிருக்க எங்கள் ஊருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கோயில் திருவிழாவில் ஒவ்வொரு குடியையும் முறைப்படி கூப்பிட்டு மரியாதை கொடுப்பார்கள். குடி என்பது தாய் வழியாக வருகிற குலம். கோயிலை நடத்தும் வண்ணக்கர் கூட்டம் கூட்டி, ஊரிலுள்ள மூன்று குடிக்கும் மூன்று பேரை எழுதினார். எது முதல் குடி என்று அரை நாள் சண்டை. கடைசியில், "ஒரு குடியையும் விடல்ல" என்று திருப்தியாகக் கடிதத்தை மடித்தார்.

பறங்கிக்கு ஏது குடி? மூலையில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேடை எனக்குப் பெரிதல்ல. என் வீட்டையே அந்தத் தண்ணீரில் நட்டிருக்கிறேன், இன்னும் நான் ஊருக்கு வந்தவன்தானா? வீட்டுக்கு வந்து தச்சு ஆயுதப் பெட்டியைக் கட்டினேன். விழா முடிந்த மறுநாளே கடற்கரைப் பக்கம், எழுவான்கரைக்குத் திரும்புவது என்று முடிவு. மனைவி அதை அப்படியே பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

விழா பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மனைவியின் கரைச்சல் தாங்காமல் போய்க் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். வண்ணக்கர் தலைப்பாகையோடு எழுந்து, திருவிழாவில் கூப்பிடுகிற அதே குரலில் முதல் குடியைக் கூப்பிட்டார். அப்போது பக்கத்து வீட்டுப் பெண் எழுந்தாள்.

"கொஞ்சம் பொறுங்க. குடி தாய் வழியாத்தானே வாற?"

"ஓம். அதுக்கென்ன இப்ப?"

"எனக்குக் கூடப்பிறந்த ஆம்பிளை ஒருத்தரும் இல்ல. அந்தத் தச்சர் என்ட அண்ணன். எங்கம்மா இருந்தா அவவும் இதத்தான் சொல்லியிருப்பா. என்ட குடிதான் அவருக்கும். இல்லையெண்டு சொல்லுற ஆள் என்ட மகள் குளிக்கிற வேலியப் பாத்துட்டு வந்து சொல்லட்டும்."

வண்ணக்கர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவளுடைய குடிக்கு எழுதியிருந்தது அவருடைய சொந்த மருமகனை. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, அந்தக் குடியின் பெயரை அதே கோயில் குரலில் சொன்னார். பின்னால் என் பெயரைச் சொன்னார். எங்கள் தேவாலயத்தில் வைத்த பெயர், முழுசாக, ஒரு எழுத்துத் தவறாமல். மருமகன்தான் முதலில் கை தட்டினான்.

எப்படி மேடையேறினேன் என்று தெரியாது. கண்ணீரில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. கேடயத்தில் இருந்த முதலை பல்லி மாதிரித்தான் இருந்தது. அதைக் கையில் தந்துவிட்டு வண்ணக்கர் என் காதோரம் குனிந்தார்.

"குடி எண்டா மரியாதை மட்டுமில்ல, வேலையும் இரிக்கு. கோயில் தேர்ச்சில்லு ஒண்டு பிளந்து கிடக்கு, தேர் உருளாம நிக்கிது. நாளைக்கு உளியோட வா."

நாளைக்கு நான் ஊரைவிட்டுப் போகிற நாள். கட்டி வைத்த பெட்டியில்தான் உளியும் கிடந்தது.

"ஓம், வாறன்" என்றேன்.