யார் வீட்டு செப்டிக் டேங்க்?

போன வாரம் எங்கள் தெருவுக்குள் ஒரு நாற்றம் புகுந்தது. அழுகிய முட்டை நாற்றம். ஒன்றிரண்டு முட்டை இல்லை... ஒரு கோழிப்பண்ணையே அழுகினால் எப்படி இருக்கும், அப்படி!

எங்கள் வீடு பாறசாலைக்குப் பக்கத்தில், ஓர் ஏலாவின் கரையில். தாழ்வான வயல்வெளியை இங்கே ஏலா என்போம். கொஞ்சம் நெல், நிறைய வாழை, மீதி கோரைப்புல். விடாத மழையில் வாய்க்கால் கரை உடைந்து, ஏலா முழுக்கத் தண்ணீர் கட்டி நின்றது. என் வாழைகளும் முழங்கால் தண்ணீரில். அதற்காகக் கவலைப்பட ஆரம்பிப்பதற்குள் நாற்றம் முந்திக்கொண்டது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஞானதாஸ் அண்ணன் வீடு. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். ரகசியம் பேசினாலும் பின்சீட்டு வரை கேட்கும். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கேக் வரும், ஓணத்துக்கு இங்கிருந்து பாயசம் போகும். ஒரு நாளும் சண்டை இல்லை.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று மூக்கு சொல்வதில்லை. மனசுதான் சொல்கிறது. என் மனசு அண்ணன் வீட்டைக் காட்டியது. அவர் மனசு?

"எலே மக்கா, உனக்க செப்டிக் டேங்க் பொங்குதுன்னு தோணுது. ஒண்ணு பாக்கப்பிடாதா?"

"காத்து உங்க பக்கத்துல இருந்தாக்கும் வருது அண்ணே."

"எனக்க டேங்க் புதுசாக்கும்!"

"புதுசுதான் பொங்கும்!" — இது என்ன நியாயம் என்று எனக்கே தெரியாது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டில் ஜெபக்கூட்டம். மழை விட்டிருந்ததால், ஏலாவைப் பார்த்த பின்முற்றத்தில் நாற்காலிகள் போட்டாயிற்று. "சபை மொத்தமும் வாறாங்க. போதகர் கண்ணை மூடி ஜெபிக்கவா, மூக்கை மூடி ஜெபிக்கவா?" என்று மதிலில் கையைத் தட்டினார். கண்கள் கலங்கியிருந்தன. கோபமா, வாயுவா... தெரியவில்லை.

என் மனைவி சுமதி என்னைத் தள்ளினாள். "நம்ம டேங்கைத் திறந்து காட்டுங்க. மானம் போகுது."

சனிக்கிழமை காலை நான் என் ஸ்லாபை நெம்பினேன். வீம்புக்கு அவரும் தன்னுடையதை நெம்பினார். இரண்டிலும் பொங்கலும் இல்லை, கசிவும் இல்லை. ஆனால் இப்போது ஏலா நாற்றத்தோடு இரண்டு டேங்க் நாற்றமும் சேர்ந்துகொண்டது!

அந்த நேரம் பார்த்து அண்ணனின் மருமகள் ஷீபா வந்து இறங்கினாள். விவசாயக் கல்லூரியில் மண்ணைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். வேலை நாட்களில் ஹாஸ்டல், சனிக்கிழமைதான் வீடு.

"மாமா, இது என்ன கோலம்?"

விஷயத்தைக் கேட்டதும் நேரே ஏலாக் கரைக்குப் போனாள். ஒரு கம்பால் சேற்றைக் குத்தினாள். குபுகுபுவென்று குமிழிகள். தோண்டி எடுத்த சேறு தார் மாதிரி கறுப்பு. நாற்றம் முகத்தில் அறைந்தது.

"டேங்க் இல்ல மாமா. இதாக்கும்!"

"சேறு எப்பிடி முட்டை நாத்தம் நாறும்?"

"மண்ணுக்குள்ள பாக்டீரியா உண்டு. அதுல முக்காவாசிக்கும் மூச்சு விட ஆக்ஸிஜன் வேணும். தண்ணி கட்டி நின்னா காத்து உள்ள போகாது. இருக்கது சீக்கிரம் தீர்ந்துரும். அப்போ ஆக்ஸிஜன் இல்லாம ஜீவிக்கிற கூட்டம் தலைதூக்கும். அதுக ஆக்ஸிஜனுக்குப் பதிலா மொதல்ல நைட்ரேட்டைப் பிடிக்கும். பின்னே இரும்பு. அதும் தீர்ந்தா சல்ஃபேட். அப்போ விடுத வாயுவாக்கும் இந்த நாத்தம்."

அண்ணன் யோசித்தார். "பந்தியில சாம்பார் தீர்ந்தா புளிசேரி, புளிசேரி தீர்ந்தா ரசம்... அது போலயா?"

"அதேதான் மாமா!"

எனக்கு என் வாழை ஞாபகம் வந்தது. "ஷீபா, மழைக்கு முந்தி வாழைக்கு யூரியா போட்டேனே?"

"நைட்ரேட்டா மாறினதெல்லாம் வாயுவாகி மேல போயிருக்கும் அங்கிள். ஆனா இரும்போட ஒட்டிக் கிடந்த பாஸ்பரஸ் கொஞ்சம் விட்டு வந்து வாழைக்குக் கிடைக்கும்."

வானத்தைப் பார்த்தேன். என் யூரியாவில் பக்கத்து ஊர் நெய்யாற்றின்கரை மேகங்களெல்லாம் செழிக்கட்டும்!

"இதை நிறுத்த மருந்து உண்டா மோளே?" என்றார் அண்ணன்.

"தண்ணி வடியணும். மண்ணுக்குள்ள காத்து போகணும்."

"சாயங்காலத்துக்குள்ளயா?"

அவள் கம்பைத் தண்ணீரில் விட்டு எடுத்துக் காட்டினாள்; பாதிக் கம்பு நனைந்திருந்தது. அண்ணன் திறந்து கிடந்த டேங்கையே பார்த்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"அண்ணே, உங்களுக்கு முன்னால இடம் இல்ல. எங்க முன்முற்றம் ரோட்டுப் பக்கமாக்கும். வீடு மறைக்கதுனால ஏலாக் காத்து அங்க வராது. நாற்காலியை எல்லாம் தூக்குங்க" என்றேன்.

அண்ணன் ஏதோ சொன்னார். அடுத்து நின்ற எனக்கே கேட்கவில்லை.

அன்று ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது. ஜெப விண்ணப்பம் உண்டா என்று போதகர் கேட்டார். அண்ணன் எழுந்தார். "ஏலாத் தண்ணி வடியணும். பின்னே, அயல்காரனைச் சும்மா சந்தேகப்பட்ட எனக்க புத்தியும் வடியணும்."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். சுமதியும் சொன்னாள் — என்னைப் பார்த்து!

மூச்சு முட்டினால் பாக்டீரியா சல்ஃபேட்டைப் பிடிக்கிறது. நாம் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிக்கிறோம்.

கடைசியில் டீ வந்தது. கூடவே அண்ணன் எல்லோருக்கும் ஆர்டர் செய்திருந்த சூடான முட்டை பப்ஸ்... ஒருவரும் தொடவில்லை.